‘போட்டுடவாம்மா?’ என்று நீ கேட்டதற்கு

கதிர், நீ எழுதி அனுப்பிய பதிவு என் கைப்பேசிக்கு வந்து பதினோரு நாளாகிறது. உன் அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் போடுவதற்காக என்னைப் பற்றி எழுதியிருந்தாய். கடைசியில் ‘போட்டுடவாம்மா?’ என்று ஒரு வரி. நான் படித்துவிட்டேன் என்பதை அந்த இரண்டு நீலக் கோடுகள் உனக்குக் காட்டிக் கொடுத்திருக்கும். அம்மாவுக்குப் பிடிக்கவில்லையோ, உடம்புக்கு ஏதும் முடியவில்லையோ என்று நீ அப்பாவிடம் இரண்டு தடவை கேட்டதும் எனக்குத் தெரியும். உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்குத்தான் என்னைத் தெரியுமே, அடுப்பை அணைத்தேனா என்று தெரு முனையிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறவள் நான். ஒரு வார்த்தையில் ‘சரி’ என்று எழுதி அனுப்பக் கை வரவில்லை. அதனால் கடிதமாகவே எழுதுகிறேன். உன் அலுவலகத்தில் உன்னோடு இதே வேலை பார்க்கிற பிள்ளைகள் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. அப்படி யாரும் படிக்கலாம் என்பதால் ஒருவருடைய பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். யாரென்று உனக்கு உடனே தெரிந்துவிடும்.

முதலில் உன் வேலையைப் பற்றி. நீ பெங்களூருக்குப் போய் நான்கு மாதம் ஆகிறது, இன்னமும் அப்பாவுக்கு அது பிடிபடவில்லை. போடியிலிருந்து மலைமேல் மெட்டுக்கு ஓட்டுகிற ஜீப்பில் ஆள் ஏற்றிக்கொண்டிருக்கும்போது யாராவது மகன் என்ன செய்கிறான் என்று கேட்டால், “ஆபீசுல எல்லாரையும் சேத்துக்கங்கன்னு எழுதுறானாம். அதுக்கு ஒரு ஏசி ரூமு, ஒரு கம்ப்யூட்டரு” என்கிறார். கேலியாகத்தான் சொல்கிறார், ஆனால் நாலு பேர் காதில் விழுகிற மாதிரி சொல்கிறார். எனக்கு உன் வேலை புரியும். டைவர்சிட்டி, இன்குளூஷன் என்ற இரண்டு வார்த்தைகளையும் உனக்கு முன்னாலேயே எழுதிப் பார்த்தவள் நான். ஏலக்காய்க் கம்பெனியில் நான் பில்லு மட்டும் போடவில்லை, கம்பெனியின் பக்கத்துக்குப் பதிவும் எழுதினேன் என்பது உனக்குத் தெரியும். அதில் ஒரு பதிவைப் போட்டபின் ஏன் நீக்கினேன் என்பது மட்டும் உனக்குத் தெரியாது. நீ அப்போது மதுரையில் கல்லூரி முதல் வருடம், விடுதியில் இருந்தாய். பரீட்சை நேரம் வேறு. சொல்லாமல் விட்டுவிட்டேன்.

எங்களிடம் காய் வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் அந்த வருடம் காயின் நிறம், பருமனோடு இன்னொன்றும் கேட்க ஆரம்பித்தார்கள். உங்கள் இடத்தில் யார் யார் வேலை செய்கிறார்கள், எல்லோருக்கும் இடம் உண்டா, முடியாதவர்களை எப்படி நடத்துகிறீர்கள் என்று. முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. அவருடைய மருமகள் ஜெனி அக்கா கோயம்புத்தூரில் படித்தவர், அவர்தான் என்னைக் கூப்பிட்டு, “நீ டிகிரி முடிச்சவ, நல்லா எழுதுவ. வாரம் ஒரு பதிவு போடு. ஒவ்வொண்ணுலயும் ஒரு முகம் இருக்கணும்” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்லூரிப் பத்திரிகையில் ஒரே ஒரு கவிதை வந்ததோடு நின்றுபோன எழுத்து அது. முதல் மூன்று பதிவுகளும் சுமாராகப் போயின. கூடத்தில் பெண்கள் உட்கார்ந்து காய் பிரிக்கிற படம், ஓட்டுநர் படம், கோயில் திருவிழாவுக்குத் தேவாலயக்காரர்களும் தேவாலயத் திருவிழாவுக்குக் கோயில்காரர்களும் இனிப்பு கொடுத்துக்கொண்ட படம். எல்லாவற்றுக்கும் எங்கள் கூடத்து ஆட்களே விருப்பக் குறி போட்டார்கள். அதற்கு மேல் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒருவரும் பார்க்காத எழுத்து எனக்கு அரித்தது, கதிர். நான்காவதுக்கு ஒரு முகம் தேடினேன்.

ஈஸ்வரி அக்காவின் முகம் கிடைத்தது. இது அவர் பெயர் இல்லை. காய் எடுப்பு நாட்களில் அப்பாவின் ஜீப்பில் மெட்டுக்கு மேலே எஸ்டேட்டுக்கும், இடைப்பட்ட நாட்களில் எங்கள் கூடத்துக்குக் காய் பிரிக்கவும் வருகிறவர். நீ அத்தை என்று கூப்பிடுகிறவர். அவருக்கு இடது காது கேட்காது. சின்ன வயதில் காய்ச்சலில் போனது. அது எங்களில் சிலருக்கு மட்டும்தான் தெரியும், அவர் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? கூடத்தில் சன்னல் வெளிச்சத்தில் அவர் ஒரு காயை உயர்த்திப் பார்க்கிற நேரத்தில் படம் எடுத்தேன். கீழே இப்படி எழுதினேன்: ‘ஒலியே இல்லாத உலகில், வாசனையால் வாழ்க்கையை வென்ற பெண். எங்கள் பணியிடத்தில் இவருக்கும் இடம் உண்டு.’ ஒரு காதுதான் கேட்காது என்று எழுதினால் அந்த வரி நிற்கவில்லை. அதனால் இன்னொரு காதையும் சேர்த்து எடுத்துவிட்டேன். எழுதும்போது எனக்குக் கண்ணில் நீர் வந்தது, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். போட்ட அன்றே நூற்றுக்கணக்கில் பகிர்ந்தார்கள். ஜெனி அக்கா கேக் வாங்கி வந்தார். நான் ஈஸ்வரி அக்காவுக்கும் ஒரு துண்டு கொடுத்தேன், எதற்கென்று சொல்லாமல். அவரும் யாருக்கோ பிறந்தநாள் என்று நினைத்துச் சாப்பிட்டார்.

மூன்றாம் நாள் காலையில் அப்பா வர வேண்டிய நேரத்துக்கு முன்னால் வீடு வந்துவிட்டார். ஜீப்புச் சாவியை மேசைமேல் வைத்தார், வீசவில்லை, வைத்தார். “மேல உன் எழுத்த நல்லாப் படிச்சிருக்காங்க” என்றார். எனக்கு முதலில் பெருமையாகக்கூட இருந்தது. பிறகுதான் சொன்னார். எஸ்டேட் சூப்பர்வைசர் கைப்பேசியில் அந்தப் பதிவைக் காட்டி, ஈஸ்வரி அக்காவை ஜீப்பிலிருந்து இறங்கவே விடவில்லையாம். யானை வந்தால் விசில் அடிப்பார்கள், மரம் விழுந்தால் கத்துவார்கள், ஒலியே கேட்காத ஆளை நான் எப்படிக் காட்டுக்குள் விடுவது என்றிருக்கிறார். மற்ற பெண்களை இறக்கிவிட்டு, காலி ஜீப்பில் அவரை மட்டும் முன்சீட்டில் உட்காரவைத்து அத்தனை வளைவும் அப்பா கீழே கொண்டுவந்திருக்கிறார். “என்ன சொன்னாங்க அக்கா?” என்று கேட்டேன். “கண்ணாடி வழியா ரோட்டயே பாத்துட்டு வந்துச்சு. எறங்கறப்ப மட்டும், உம் பொண்டாட்டிக்கு நல்லா எழுத வருதுய்யான்னுச்சு.”

நான் அவர் வீட்டுக்குப் போன அந்தப் பத்து நிமிட நடையைப் போல ஒரு நடையை நீ வாழ்க்கையில் நடக்காமல் இருக்க வேண்டும். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் அவருக்கு இடது பக்கமாக வந்து நின்று, அக்கா, அக்கா என்று குரல் எழும்பாமல் அழுதேன். அவர் திரும்பவில்லை. கோபத்தில்தான் திரும்பவில்லை என்று நினைத்து இன்னும் அழுதேன். துணியை உதறித் திரும்பியவர் என்னைக் கண்டு திடுக்கிட்டு, “எப்ப வந்த? இந்தப் பக்கம் நின்னு ஒப்பாரி வச்சா எனக்கென்ன கேக்கும்? இங்கிட்டு வா” என்றார். இருபது வருடப் பழக்கம், கதிர். எந்தக் காது என்பதுகூட எனக்கு அந்த நேரத்தில் மறந்துவிட்டது. அந்தக் காதை வைத்துப் பதிவு எழுதியவள் நான்.

“எனக்கு ஒண்ணுதாண்டி புரியல” என்றார் வலது பக்கம் போனதும். “எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டா என்ன? கேட்டிருந்தா வேணாம்னு சொல்லிருப்பேன். அதனாலதான் கேக்கலையா?” ஆமாம் என்றேன். “அதுல போட்டிருந்த படத்துல நான் நல்லாத்தான் இருந்தேன்” என்று அவரே சொன்னார். “ஆனா ஒலகமே கேக்காதுன்னு எழுதிட்டியே. எனக்கு இந்த வலது காது பாம்புக்காது. நீயும் உம் புருசனும் ரோட்டுல சண்ட போட்டா இங்க கேக்குது.” பதிவை அங்கேயே நின்று நீக்கினேன். நீக்கினால் மட்டும் என்ன, அது எத்தனை கைப்பேசிகளில் உட்கார்ந்திருக்கிறதோ. அவர் கோபித்துக் கத்தியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை. காய் எடுப்பு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று விரல் மடக்கிக்கொண்டிருந்தார். வருடத்தில் அந்த நாட்கள்தான் அவர் வீட்டைத் தாங்குகிற நாட்கள்.

மறுநாள் நானும் ஜீப்பில் ஏறினேன். அத்தனை வருடமாக ஜீப்பு ஓட்டுகிறவரின் மனைவி, வேலைக்குப் போகிற பெண்களோடு அன்றைக்குத்தான் முதல்முதலாக மலை ஏறுகிறேன். ஈஸ்வரி அக்காவைக் கட்டாயப்படுத்தி ஏற்றினார்கள். அவரோடு காய் எடுக்கிற பாண்டியம்மா அக்கா எனக்கு இடம் விடும்போதே, “ஏ புள்ள, இங்க நடக்குறத ஒண்ணும் எழுதிப்புடாத” என்றார். ஜீப்பே சிரித்தது. மேலே போனதும் சூப்பர்வைசர் முன்னால் நான்தான் முதலில் இறங்கினேன். “அண்ணே, அத எழுதினது நான். ஒரு காதுதான் கேக்காது. மிச்சத்த நான் கூட்டி எழுதிட்டேன்” என்றேன். அவர் மலையாளத்துக்காரர், கெட்ட மனிதர் இல்லை. “எனக்கு விரோதம் ஒண்ணுமில்ல சேச்சி. நாளைக்கு ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆனா பதில் சொல்றது நானில்ல?” என்றார். அது நியாயமான பயம்தான். அதற்கு எந்தப் பதிவிலும் எழுதுகிற மாதிரி ஒரு பதில் என்னிடம் இல்லை. பாண்டியம்மா அக்காவிடம் இருந்தது. “ஆனை வந்தா நீங்க காதால ஓடுவீகளா, காலால ஓடுவீகளா? போன வருசம் வந்தப்ப மொத ஆளா ஜீப்புக்குள்ள ஏறுனது யாரு? அவளா, நீங்களா? அவ என்னயப் புடிச்சு இழுத்துட்டுல்ல ஓடியாந்தா!” சூப்பர்வைசருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பாண்டியம்மா அக்கா விடவில்லை. “இத்தன வருசமா எங்க நடுவுலதானே நிக்கிறா? ஒருநாளு தனியா விட்டிருப்பமா? அவ வேணாம்னா சொல்லுங்க, அப்படியே ஜீப்பத் திருப்பச் சொல்றோம்.”

அவர்கள் எப்படி நிற்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். ஏலச்செடியின் தூரில் தரையோடு கிடக்கும் சரத்தில் காய் எடுப்பதால் குனிந்தே இருக்க வேண்டும், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அதனால் வரிசையாகப் போகிறார்கள், சத்தம் கொடுத்துக்கொண்டே போகிறார்கள். ஈஸ்வரி அக்கா எப்போதும் நடுவில். அவருக்கு வலது பக்கம், பேச்சை நிறுத்தவே தெரியாத ஒரு பெண். இடது பக்கம் பாண்டியம்மா அக்கா. அவர் சத்தம் கொடுப்பதில்லை, ஒரு பச்சைக் காயைச் சுண்டி அக்காவின் முதுகில் போடுகிறார். நகர வேண்டும் என்றால் ஒரு காய், நிற்க வேண்டும் என்றால் இரண்டு. யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை. எப்போது தொடங்கியது என்று கேட்டால், “எது?” என்று திருப்பிக் கேட்டார்கள். சூப்பர்வைசர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பாண்டியம்மா அக்காவிடம் ஒரு விசிலைக் கொடுத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான். அன்றிலிருந்து இன்றுவரை ஈஸ்வரி அக்காவை யாரும் திருப்பி அனுப்பவில்லை.

கீழே வருகிற வழியில் அக்கா என் காதருகே குனிந்து, “உனக்கு என்னயப் பத்தி எதாச்சும் செய்யணும்னு ரொம்ப ஆசையா இருந்தா ஒண்ணு செய்யி” என்றார். “கூடத்துல எனக்கு வலப்பக்கம் அந்தத் தூசி தட்டுற மெசினு கெடந்து அலறுது. இருக்கிற ஒரு காதும் அதுக்கே போயிருது. அதத் தூக்கி அங்கிட்டு வைக்கச் சொல்லு.” எட்டு வருடமாக அந்த இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கும் எங்களிடம் இடம் உண்டு என்று எழுதினேனே, அந்த இடம் எப்படிப்பட்டது என்று ஒருநாளும் போய் உட்கார்ந்து பார்த்ததில்லை. ஜெனி அக்காவிடம் சொன்னேன். அவரும் முகம் சுருங்கிப் போனார். முதலாளி, “மெசின மாத்தணும்னா வயரு, பிளக்கு எல்லாம் மாத்தணுமே” என்று முனகினார். ஆனாலும் அடுத்த வாரம் அது பின்கொட்டகைக்குப் போய்விட்டது. அதைப் பற்றி நாங்கள் பதிவு போடவில்லை. கூடத்தில் பெண்கள் பேசிக்கொண்டே காய் பிரிக்கிற சத்தம் இப்போது அலுவலக அறை வரைக்கும் வருகிறது. முதலாளி மட்டும், இதற்கு அந்த மெசின் சத்தமே தேவலை என்கிறார்.

அதற்குப் பிறகும் நான் பதிவுகள் எழுதுகிறேன். ஒன்றே ஒன்று மாறியிருக்கிறது. யாரைப் பற்றி எழுதுகிறேனோ அவர் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக் காட்டுகிறேன். பாதி பதிவுகள் அங்கேயே செத்துப்போகின்றன. “உக்காந்த படம் வேணாம், நின்ன படம் போடு, நல்ல சேலையில எடு” என்கிறார்கள். “கஷ்டப்படுற பொம்பளைன்னு எழுதாத, கஷ்டப்படாதவ எவ இருக்கா?” என்கிறார்கள். ஓட்டுநர் ஒருவர் தன் சாதிச் சங்கத்துக்காரர்கள் பார்ப்பார்கள் என்று படமே வேண்டாம் என்றுவிட்டார். எங்கள் பக்கத்தை இப்போது அதிகம் பேர் பார்ப்பதில்லை. எனக்கு அரிக்கவில்லை. பெரும்பாலும் அரிக்கவில்லை.

இப்போது உன் பதிவு. ‘மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில், படிக்காதே என்ற கணவரின் சொல்லையும் மீறி, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தனியாகத் தேர்வெழுதப் போனார் ஒரு பெண். அவரை நான் அம்மா என்று அழைக்கிறேன்.’ நன்றாக எழுதியிருக்கிறாய். நான் மூன்று முறை படித்தேன், மூன்று முறையும் அந்தப் பெண்ணைப் பார்த்துப் பெருமையாக இருந்தது. பிறகு அப்பாவிடம் படித்துக் காட்டினேன். “சிற்றூரா? முனிசிபாலிட்டிடா இது!” என்றுதான் ஆரம்பித்தார். அப்புறம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “நான் எப்ப அப்பு ஒங்கம்மாவ படிக்க வேணாம்னேன்?” என்று, நீ எதிரில் இருப்பது போலச் சுவரைப் பார்த்துக் கேட்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அன்று முழுக்க ஒரு மாதிரியாகவே இருந்தார். கதிர், தப்பு உன்னுடையது இல்லை. நீ பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றுவிட்டுப் புத்தகத்தைத் தூக்கி எறிந்தாயே, அன்றைக்கு உன்னை உசுப்பேற்ற நான் சொன்ன கதை அது. உங்கப்பாவே தடுத்தும் நான் படிக்கலையா என்றேன். அவர் தடுக்கவில்லை. என்னைக் கல்யாணம் செய்யும்போது எனக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு பாக்கி, முடிக்கட்டும் என்று சொன்னவரே அவர்தான். இந்த அழகில், ஒரு காதை இரண்டாக்கியதற்குப் பிறகும் நான் திருந்தாமல் உன்னிடம் இந்தக் கதையைத் திருத்தாமலே விட்டிருக்கிறேன்.

நடந்தது இதுதான். உனக்கு அப்போது ஏழு மாதம். எனக்குக் கடைசி வருடப் பரீட்சை. மெட்டு ரோட்டில் மண் சரிந்து அன்றைக்கு மலைக்கு வண்டி போகவில்லை. அப்பா என்னையும் உன்னையும் ஜீப்பில் கல்லூரிக்குக் கூட்டிப்போனார். வேலைக்கென்று கிளம்பி வந்த பெண்கள், வீட்டுக்குப் போய் என்ன செய்ய என்று அவர்களும் கூடவே வந்தார்கள். மூன்று மணி நேரம் கல்லூரி வாசலில், ஜீப்புக்குள், நீ கை மாறிக் கை மாறிப் போனாய். பரீட்சை அறைக்கே கேட்கிற மாதிரி அழுதாய். கடைசியில் ஈஸ்வரி அக்காதான் உன்னை வாங்கி இடது தோளில் போட்டுக்கொண்டாராம். “இந்தக் காது எனக்குக் கேக்காதுடா ராசா, நீ இஷ்டத்துக்கு அழு” என்றாராம். அந்தப் பேச்சில்தான் அவர் காது விஷயமே எங்களுக்குத் தெரியும். நீ அழுது அழுது அந்தத் தோளிலேயே தூங்கிவிட்டாய். நான் எழுதி முடித்து வெளியே வந்தபோது அப்பா ஜீப்பின் முன்னால் துண்டை விரித்து நிழல் பிடித்துக்கொண்டு நின்றார். நான் தனியாகப் போகவில்லை, கதிர். ஒரு ஜீப்பு நிறைய ஆட்களோடு போனேன்.

இப்படி எழுதினால் உன் மேலதிகாரிக்குப் பிடிக்குமா, நிறையப் பேர் பகிர்வார்களா என்று எனக்குத் தெரியாது. போராடி வென்ற பெண்ணுக்குக் கிடைக்கிற கைத்தட்டல் இதற்குக் கிடைக்காமல் போகலாம். உனக்கு வேலையில் கெட்ட பெயர் வந்துவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது. எனக்கு எதில்தான் பயமில்லை. ஆனால் ‘போட்டுடவாம்மா?’ என்று கேட்டாயே, அந்த ஒரு வரியை இந்தப் பதினோரு நாளும் எடுத்து எடுத்துப் பார்த்தேன். நான் கேட்காமல் விட்டதை நீ கேட்டிருக்கிறாய், யாரும் சொல்லித் தராமலே. சமைக்கும்போதுகூட அதை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

என்னைப் பற்றி நீ எழுதலாம். எனக்குச் சம்மதம். அப்பாவுக்கும், அந்தக் கணவர் வரியை எடுத்துவிட்டு முனிசிபாலிட்டி என்று திருத்தினால் சம்மதம். ஜீப்பில் இருந்தவர்கள் வரவேண்டும் என்றால் ஈஸ்வரி அக்காவையும் கேட்க வேண்டுமே என்று நேற்று கூடத்துக்குப் போனேன். வலது பக்கம் உட்கார்ந்து, உனக்கு எழுதிய இந்தக் கடிதத்தை இதுவரைக்கும் முழுக்கப் படித்துக் காட்டினேன். ஈஸ்வரி என்ற பெயரை அவர்தான் தேர்ந்தெடுத்தார், தனக்கு அந்தப் பெயரைத்தான் வைத்திருக்க வேண்டும் என்று சின்ன வயதில் ஆசையாம், அதன்பிறகு நான் மேலே எல்லா இடத்திலும் மாற்றி எழுதினேன். “போடியில நாலு பேரு கண்டுபுடிப்பாக. கண்டுபுடிக்கட்டும். இப்ப எவன் என்னயத் திருப்பி அனுப்புவான்?” என்றார். உன் பதிவில் அவர் பெயர் வேண்டாம், ‘ஜீப்பில் வந்த ஒரு அத்தை’ என்று போட்டால் போதும் என்றார். பிறகு கையிலிருந்த காயைத் தட்டில் போட்டுவிட்டு ஒரு நிபந்தனை சொன்னார்.

“எந் தோள்ல தூங்குனான்னு மட்டும் எழுதுனா எப்படி? தூங்குறதுக்கு முன்னாடி எம் புதுச் சேலைய முழுசா நனைச்சானே, அதையும் எழுதச் சொல்லு. எழுதுனா சரி. இல்லாட்டி நான் அந்த ஜீப்புலயே வரல.”

கூடமே சிரித்தது. நான் உனக்காகக் கொஞ்சம் வாதாடிப் பார்த்தேன், பெரிய ஆபீசு அக்கா, பிள்ளை கூச்சப்படுவான் என்று. “கேட்டுப் பாரு. அவனுக்கும் சம்மதம் வேணும்ல?” என்கிறார். ஆகவே கேட்கிறேன், கண்ணு. உன் அலுவலகத்தார் அத்தனை பேரும் பார்க்கிற பக்கத்தில், ஏழு மாதத்தில் நீ செய்த அந்தக் காரியம் வரும். போட்டுடலாமா? யோசித்துச் சொல். ஆனால் என்னைப்போலப் பதினோரு நாள் எடுத்துக்கொள்ளாதே, எனக்குத் தாங்காது.

அம்மா